நாசிச் செம்மல்

“கோணல் மூக்குல இல்லடி, கண்ணாடியில!”

“கண்ணாடிய மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துட்டேன் அண்ணி! கடையில இருக்குற அத்தனை ஃப்ரேமும் என் மூஞ்சிக்கு வந்தா மட்டும் இடது பக்கம் சாயுது. எல்லாம் சேந்து எனக்கு எதிரா சதி பண்ணுதா?”

“குனிஞ்சே வேலை பாக்குற, கழுத்து கோணிருக்கும். அதுக்கு வைத்தியம் பாக்காம மூக்கு மேல பழி போடாத. அடுத்த மாசம் எனக்கே அங்க மூக்கு ஆபரேஷனுக்குத் தேதி குடுத்திருக்காங்க. இந்த நேரம் பாத்து வாய வெக்காத!”

இதற்கு மேலும் கதவுக்கு வெளியே நின்று கேட்பது நாகரிகமில்லை என்பதால் உள்ளே போய்விட்டேன். பக்கத்து வீட்டிலிருந்து சர்க்கரை கடன் கேட்க வந்தவள் என்பதற்குச் சாட்சியாகக் கையில் கிண்ணம் இருந்தது. அண்ணி என்னைப் பார்த்ததும் சிரித்தாள். நாத்தனார் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அண்ணன்காரர் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். அந்த வீட்டில் அவர் எப்போதும் இருப்பார். ஆனால் இருப்பதோடு சரி.

கண்ணாடிக்காரி என்று நாங்கள் கூப்பிடும் இந்த நாத்தனாருக்குத் தெருமுனை மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. யார் எப்படிக் கோணிய கண்ணாடியோடு வந்தாலும் காதில் மாட்டும் காம்பைச் சூடுகாட்டி வளைத்து நிமிர்த்தி அனுப்பிவிடுவாள். ஆனால் அவளுக்கோ பிறவியிலேயே தண்டு தாழ்ந்த மூக்கு. போட்ட கண்ணாடி மேலுதடு வரைக்கும் வழுக்கிக்கொண்டு வரும். பத்து வருஷத்துக்கு முன் ஒருநாள் முதலாளி, “விக்கிறவ மூக்குலயே நிக்கலன்னா வாங்குறவன் எப்படிம்மா நம்புவான்?” என்று கேட்டுவிட்டார். அவர் கேட்டது வியாபாரத்துக்காக. இவளுக்கு அது மூக்குடைபட்ட மாதிரி ஆகிவிட்டது.

நேராக மூக்கு மாளிகைக்குப் போனாள். அந்த ஆஸ்பத்திரிக்குப் பலகையில் வேறு பெயர் உண்டு, நீளமான பெயர். படித்து முடிப்பதற்குள் பஸ் தாண்டிவிடும் என்பதால் தெருவில் எல்லோரும் மூக்கு மாளிகை என்போம். அங்கே மூக்குத் தண்டுக்குள் சிலிக்கானில் செதுக்கிய துண்டு ஒன்றை வைத்துத் தைத்து அனுப்பினார்கள். வீக்கம் வடிந்ததும் பார்த்தால் மூக்கும் முழியுமாக ஆளே மாறிவிட்டாள். மாளிகைக்காரர்களுக்கே அந்த மூக்கு பிடித்துப்போய், அவள் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி முன்கூடத்தில் மாட்டிவிட்டார்கள்.

போன வருஷம் கண்ணாடி சாயத் தொடங்கியது. வேறு தொழிலில் இருப்பவள் என்றால் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தேடியிருப்பாள். இவள் தேடியது இடுக்கியை. இடது காம்பைக் கொஞ்சம் கீழே வளைத்தாள். மறுபடி சாய்ந்தது. இன்னும் வளைத்தாள். கடைசியில் அந்தக் கண்ணாடியை மேஜையில் வைத்தால் கால் ஒடிந்த நாற்காலி மாதிரி ஆடியது. அவள் முகத்தில் மட்டும் நேராக நின்றது. தன் வேலையில் தனக்கு மிஞ்சி ஆளில்லை என்று அப்போதும் திருப்திப்பட்டுக்கொண்டாளே தவிர, நகர்வது மூக்கு என்று தோன்றவில்லை.

பிறகு நுனி சிவந்தது. ஜலதோஷம் என்று நினைத்தாள். ஜலதோஷம் மாதக்கணக்கில் நீடிக்காது என்று நான்தான் தெருவில் உள்ள பொது டாக்டரிடம் இழுத்துப் போனேன். அவர் மூக்கின் பக்கத்தில் டார்ச் அடித்தார். நுனி முழுக்கச் செக்கச்செவேல் என்று ஒளிர்ந்தது. உள்ளே துண்டின் விளிம்பு கோடு போட்டதுபோல் தெரிந்தது. நான் என் மூக்கின்மேல் விரல் வைத்துக்கொண்டேன்.

“உள்ள வெச்சது நகந்து வந்து நுனியில முட்டுது. தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆயிடுச்சு,” என்றார் டாக்டர். “இப்பவே எடுத்துட்டா தப்பிச்சீங்க. விட்டா தோலக் கிழிச்சுக்கிட்டு அதுவே வெளிய வந்துரும். அந்தத் தழும்பு அப்புறம் ஆயுசுக்கும் போகாது. வெச்சவங்களே எடுத்தா நல்லது. நாளைக்கே போங்க.”

மறுநாள் லீவு போட்டுக் கிளம்பினாள். துணைக்கு நான். எனக்கு அங்கே வேலை இல்லைதான். ஆனால் அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பதென்றால் இதைவிடப் பொருத்தமான விஷயம் எப்போது கிடைக்கும்?

மாளிகையின் முன்கூடத்தில் ஜன்னலே கிடையாது. ரோஜா நிறத்தில் மங்கலாக வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் என் மூக்குகூடத் தேவலை என்று பட்டது. மேஜைக்குப் பின்னால் வரவேற்புப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே மூக்கு. வேலைக்குச் சேரும்போது சீருடையோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார்களாம்.

“அரும்பா, மொட்டா?” என்று கேட்டாள் ஒருத்தி.

“என்னங்க?”

“விசாரிக்க வந்தா அரும்பு. முன்பணம் கட்டிட்டா மொட்டு.”

“எனக்கு ஆபரேஷன் முடிஞ்சே பத்து வருஷம் ஆச்சு.”

“அட, அப்ப நீங்க மலர்!” அவள் எழுந்து கைகுலுக்கினாள். “வாழ்த்துகள். மலருக்கு அந்தப் பக்கம் வாசல்.”

காட்டிய வாசல் வழியாகப் போனோம். தெருவில் நின்றோம்.

சுற்றிக்கொண்டு திரும்பி வந்து, “அது வெளிய போற வாசல்ங்க,” என்றாள் கண்ணாடிக்காரி.

“ஆமா. மலர்ந்தாச்சுன்னா வெளிய போக வேண்டியதுதானே? மலர் உள்ள வர்றதுக்கு வாசல் வெக்கலியே.”

“எனக்குப் பின்விளைவு வந்திருக்கு. அத—”

வரவேற்புப் பெண் மேஜைமேல் இருந்த மணியை அடித்தாள். வரிசை முழுக்க ஒரே குரலில், “அனுபவம்!” என்றது.

“அந்த வார்த்தைய இங்க சொல்லக்கூடாதுங்க. அனுபவம்னு சொல்லணும்.”

“சரி. எனக்கு மூக்குல அனுபவம் வந்திருக்கு. கிழியப் போகுது.”

“ரொம்ப சந்தோஷம். நாளைக்கு வாங்க, பாத்து ஏற்பாடு பண்றேன்.”

மறுநாள் போனோம். ஏற்பாடு எதுவும் இல்லை. “நேத்து வரச் சொன்னாங்களே,” என்றாள் இவள். “யார் சொன்னது?” என்று கேட்டார்கள். நானும் அவளும் அந்த வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தோம். வரிசை எங்களைப் பார்த்துப் புன்னகைத்தது. அடையாளம் காட்ட மனுஷியால் ஆகிற காரியமா அது? மாளிகையில் யார்மேலும் புகார் நிற்பதில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். ஏன் என்று அன்றைக்கு விளங்கியது.

வேறு வழியில்லாமல் கண்ணாடிக்காரி மறுபடி அரும்பானாள். அரும்புகளுக்கு உடனே நாற்காலி போட்டார்கள், பழரசம் கொடுத்தார்கள், சின்ன டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் ஆல்பத்தை விரித்து, “எந்த மூக்கு வேணும்?” என்றார்.

“மூக்கு வேண்டாங்க. உள்ள இருக்குறத எடுக்கணும்.”

“வெக்கப்படாதீங்க. இதப் பாருங்க, இதுதான் எங்ககிட்ட அதிகம் போறது.”

முதல் பக்கத்திலேயே அவள் படம்.

“டாக்டர், இது என் மூக்கு!”

“இதப் பாத்ததும் எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நல்ல தேர்வு.”

“ஐயோ, நெஜமாவே இது நான்தான். பத்து வருஷம் முன்னாடி நீங்களே வெச்ச மூக்கு. இப்ப கோணிப்போச்சு, பாருங்க!”

சின்ன டாக்டர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். மேஜையிலிருந்து அளவு நாடாவை எடுத்து மூக்கை அளந்தார். பிறகு இரண்டு கன்னங்களையும் காதுவரை அளந்தார். நிமிர்ந்து, மனமிரங்கி, “மூக்கு வெச்ச இடத்துலயேதாம்மா இருக்கு. உங்க முகம்தான் வலது பக்கம் நகந்திருக்கு,” என்றார்.

“முகம் எப்படிங்க நகரும்?”

“வயசானா நகரும். மூக்கு நாங்க செஞ்சது, நிரந்தரம். முகம் உங்க வீட்டுல செஞ்சது, அதுக்கு நாங்க உத்தரவாதம் குடுக்க முடியாது. ஒண்ணு பண்ணலாம். இடது கன்னத்துல கொஞ்சம் வெச்சு, தாடையில கொஞ்சம் வெச்சு, முகத்தை மூக்குக்கு நேரா கொண்டு வந்துடலாம். நுனி செவப்பா தெரியுதேன்னு கவலைப்படாதீங்க. அதுக்கு மேட்ச்சா ரெண்டு கன்னத்தையும் செவப்பாக்கிடலாம்.”

வீடு திரும்பும்போது படியேறவும் தெம்பில்லாமல் பாதி மாடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேல்வீட்டுத் தமிழ் வாத்தியார் இறங்கி வந்தார். ரிடையர் ஆனவர், கேட்பதற்கு ஆள் கிடைத்தால் போதும். நான் நடந்ததைச் சொன்னேன். மூக்கைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

“அரும்பு, மொட்டு, மலரா? அதோட நிறுத்திட்டானுங்களா? அரைகுறைப் பசங்க!” என்று கொதித்தார். “பூவுக்கு ஏழு நிலைம்மா. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். உதிர்ந்தா வீ. வாடிப்போனா செம்மல். செம்மலே இல்லாம எவனாவது ஆஸ்பத்திரி நடத்துவானா?”

“செம்மல்னா பெரிய மனுஷங்களுக்குக் குடுக்குற பட்டம் இல்லையா ஐயா?” என்றேன்.

“அதுவும்தான். ஒரே சொல், ரெண்டு பொருள். பட்டம் வாங்குறவனும் அகராதியப் பாக்குறதில்ல, குடுக்குறவனும் பாக்குறதில்ல.”

கண்ணாடிக்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அப்ப எனக்கு ஒரு பேர் இருக்கு,” என்றாள்.

மூன்றாம் தடவை போனபோது அவள் வரவேற்பு மேஜைக்கே போகவில்லை. தன் படத்துக்குக் கீழே போய்ப் பேசாமல் நின்றாள். காத்திருந்த அரும்புகள் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இன்னொருத்தியும் எழுந்தாள். அடுத்த நிமிஷம் எங்களைப் பெரிய டாக்டர் அறைக்கு அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

“நீங்க எங்க மாளிகையோட முகம்!” என்று கையை விரித்தார் பெரிய டாக்டர்.

“முகம் இல்ல டாக்டர், மூக்கு. அதுவும் போகப் போகுது.” அவள் படித்து வைத்திருந்ததை ஒப்பித்தாள். “மலரோட கதை முடியல. நான் இப்ப செம்மல். செம்மலுக்கு நீங்க என்ன வெச்சிருக்கீங்க?”

பெரிய டாக்டர் நாற்காலியைவிட்டு மெல்ல எழுந்தார். கண்ணில் நீர் தளும்பியது.

“செம்மல்!” என்றார். “எப்பேர்ப்பட்ட வார்த்தை! எங்க மூக்க இத்தனை வருஷம் சுமந்தவங்களுக்குப் பட்டம் குடுக்கணும்னு இந்த மரமண்டைக்குத் தோணலியே! நாசிச் செம்மல்! பழைய மலர்கள் எல்லாரையும் கூப்பிடுவோம். விழா எடுப்போம். முதல் பதக்கம் உங்களுக்குத்தான்.”

“பதக்கம் வேண்டாம் டாக்டர். இத எடுத்துவிட்டா போதும்.”

“விழா முடியட்டும், அன்னிக்கே எடுத்துடலாம். அதுவரைக்கும் தும்மாதீங்க.”

இந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் ஒத்துக்கொண்டாள். விழா வரைக்கும் ஒருக்களித்துப் படுக்கவில்லை, கடையில் கண்ணாடி போடவில்லை, என் தாளிப்பு வாசனை வந்தால் ஜன்னலைச் சாத்தினாள். அண்ணிக்கோ தலைகால் புரியவில்லை. “பாத்தியா? கெட்டுப்போன மூக்கா இருந்தா பதக்கம் குடுப்பாங்களா?” என்று என்னிடமே வந்து கேட்டுவிட்டுப் போனாள்.

விழாவுக்கு மாளிகையின் பெரிய கூடம் நிரம்பி வழிந்தது. முன்வரிசைகளில் மொட்டுகள், அவர்கள் பார்த்து ஊக்கம் பெற வேண்டுமாம். முன்பணம் கட்டியிருந்த அண்ணியும் முதல் வரிசையில். எனக்கு அழைப்பு இல்லாவிட்டாலும் செம்மலின் துணை என்று சொல்லித் திரைக்குப் பின்னாலேயே போய்விட்டேன். பழைய மலர்கள் எல்லாரையும் அங்கேதான் உட்கார வைத்திருந்தார்கள்.

முதலில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் மூக்கருகே கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஜலதோஷ வார்டு மாதிரி இருந்தார்கள். கண்ணாடிக்காரிக்குப் பக்கத்தில் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஒருவர். அவருக்கு உள்ளே வைத்ததைச் சுற்றித் தசை சுருங்கிச் சுருங்கி, மூக்கு குட்டையாகி நுனி வானத்தைப் பார்த்தது.

“மழை பெஞ்சா எனக்கு ஹெல்மெட் வேணுங்க,” என்றார் அவர், கேட்காமலே. “இங்க வந்து சொன்னேன். உங்க தன்னம்பிக்கை உயர்ந்திருக்குன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.”

கண்ணாடிக்காரி கைக்குட்டையை எடுத்தாள். “எனக்கு முகம் நகந்திருச்சாம்.”

“ஒருத்தருக்கும் இப்படி ஆனதில்ல, உங்களுக்கு மட்டும்தான்னு சொன்னாங்களா?”

“ஆமாங்க!”

“எங்கிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க,” என்று பின்னால் இருந்து குரல் கொடுத்தாள் ஒரு பாங்க் அம்மாள். அவளுக்கு உள்ளே சுண்ணாம்பு படிந்து கல்லாகிவிட்டது. பேனாவால் மூக்கைத் தட்டிக் காட்டினாள். டக் டக் என்றது. “எனக்கு உறுதி கூடியிருக்காம்.”

கைக்குட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கின. எத்தனையோ வருஷமாகத் தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்த ஜனங்கள் ஒரே அறையில் ஒருவர் மூக்கை ஒருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாளிகை நடத்திய விழாக்களிலேயே உருப்படியான பகுதி அதுதான்.

வெளியே பெரிய டாக்டர் பேசத் தொடங்கியிருந்தார்.

“நம் மாளிகையில் இதுவரை ஒரு பின்விளைவுகூடப் பதிவானதில்லை!” எங்கோ மணி அடித்தது, அவர் அதைக் கைதட்டல் என்று எடுத்துக்கொண்டார். “எப்படி என்று வெளிநாட்டு மருத்துவர்கள் கேட்கிறார்கள். மிகவும் எளிது. பின்விளைவு வந்தவர் மலர் ஆகமாட்டார். மலர் அல்லாதவர் நம் கணக்கில் வரமாட்டார். ஒரு புகார்கூட என் காதுக்கு எட்டியதில்லை. அவ்வளவு கனமான கதவுகளை நாம் போட்டிருக்கிறோம். சில சிறிய இடங்களில் மூக்கு கோணினால் மூக்கைத் திருத்துகிறார்கள். நாம் அந்தக் கோழைத்தனத்துக்கு இறங்கியதே இல்லை. நாம் மனிதனைத் திருத்துகிறோம்!”

பலத்த கைதட்டல். அடுத்து, பட்டத்தின் பெருமையை விளக்க மேல்வீட்டு வாத்தியாரை அழைத்தார்கள். சொல் அவரிடமிருந்து வந்தது என்று கேள்விப்பட்டுப் பெரிய டாக்டரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தார். வாத்தியாருக்கு யாரையும் அவமானப்படுத்தும் எண்ணம் கிடையாது. ஒலிபெருக்கி கிடைத்த சந்தோஷத்தில் ஏழு நிலையையும் ராகத்தோடு சொன்னார். “ஏழாவது நிலை செம்மல்! அதாவது, வாடி வதங்கி, நிறம் மாறி, இனி எதற்கும் உதவாது என்று ஆன பூ! அந்தப் பட்டத்தை இத்தனை பேருக்கு ஒரே மேடையில் கொடுக்கும் துணிவு வேறு எந்த ஆஸ்பத்திரிக்கு உண்டு?”

முன்வரிசையில் மொட்டுகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நிலைமையைச் சமாளிக்கப் பெரிய டாக்டர் அவசரமாகத் திரையைத் திறக்கச் சொன்னார். பின்னாலிருந்து மேடை விளக்குகள் முழு வெளிச்சத்தோடு எரிந்தன. முதலில் கண்ணாடிக்காரி நடந்து வந்தாள். பக்கவாட்டில் திரும்பியதுதான் தாமதம், அவள் மூக்கு நுனி சிவப்பு விளக்கு மாதிரி ஒளிர்ந்தது. உள்ளே இருந்த துண்டு கடைசி வரிசைக்கும் தெரிந்தது.

“ஒளிர்கிறது பாருங்கள்!” என்று கூவினார் பெரிய டாக்டர். “தன்னொளி!”

“டாக்டர்,” என்றாள் அவள். ஒலிபெருக்கி பக்கத்தில் இருந்ததால் கூடம் முழுக்கக் கேட்டது. “விழா முடிஞ்சதும் எடுக்குறேன்னு சொன்னீங்களே. இப்ப எடுப்பீங்களா?”

“எடுப்பதா? செம்மலுக்கு மேல் நிலையே இல்லை என்று ஐயா இப்போதுதானே சொன்னார்! நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்று பதக்கத்தைக் கழுத்தில் மாட்டினார். மாட்டும்போது நாடா நுனியில் உரசியது. உரசிய இடத்தில் ஒரு சொட்டு நீர் துளிர்த்தது. அவள் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

அந்தச் சொட்டை முதல் வரிசையிலிருந்து பார்த்தவள் அண்ணி. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடை ஏறினாள். “இதுக்கு மேல ஒரு நிமிஷம் இங்க நிக்கக்கூடாது, வாடி,” என்று நாத்தனார் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். பின்னாலேயே மொட்டுகளும் எழுந்தார்கள். வாசலில் ஒரே மூக்குப் பெண்கள் வரிசையாகக் கைகோர்த்து நின்றார்கள்.

“இவங்க போகலாம். நீங்க மொட்டு. இது மலர் வாசல், மலராம வெளிய போக முடியாதுங்க.”

“நான் பூக்கவே போறதில்லடி, வழிய விடு!” என்றாள் அண்ணி. என் காதால் கேட்டேன். அதற்குப் பிறகு அவள் முழங்கை செய்ததை எழுதினால் நன்றாக இருக்காது. ஒரு சீருடை மூக்குக்கு அன்றைக்கு அனுபவம் வந்தது என்பதோடு விட்டுவிடுகிறேன்.

ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே வரவேற்பு மேஜையில் ஆளே இல்லை. காது மூக்கு தொண்டை என்று எழுதியிருந்த அறைக்கு வெளியே பெஞ்சில் சண்டை போட்டு இடம் பிடித்தோம். உள்ளே தூக்கக் கலக்கமாய் ஒரு டாக்டரம்மா.

“மூக்கா? உக்காருங்க,” என்றாள். அழுத்திப் பார்த்தாள். “சிலிக்கான். எடுத்துடுறேன். மூக்கு பழையபடி தாழ்ந்துரும், இன்னும் கொஞ்சம் பள்ளமாவும் ஆகலாம். பின்னால வேணும்னா காதுல இருந்து குருத்தெலும்பு எடுத்து வெச்சுக்கலாம், இப்ப முடியாது. சம்மதமா?”

“தழும்பு?”

“நாளைக்கு வந்திருந்தா இருந்திருக்கும்.”

கண்ணாடிக்காரி அப்போதுதான் அழுதாள். அண்ணி அவளைவிடச் சத்தமாக அழுதாள். “பதக்கத்தக் கழட்டி வெச்சுட்டு வாங்க, அடுத்த ஆள் நிக்கிறாங்க,” என்றாள் டாக்டரம்மா.

எடுத்த துண்டு சுண்டுவிரல் அளவுகூட இல்லை. நுனியில் கொசு கடித்தாற்போல ஒரு புள்ளி மிஞ்சியது, சொன்னால்தான் தெரியும். நான் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன்.

டிரைவிங் மாஸ்டரும் அதே டாக்டரம்மாவிடம் போனார். உள்ளே இருந்ததை எடுத்துவிட்டாள். ஆனால் சுருங்கினது சுருங்கினதுதான், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும் என்றாளாம். அது இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லி அவர் கண்ணாடிக் கடைக்கு அடிக்கடி வரத் தொடங்கினார். கண்ணில் கோளாறே இல்லாத மனுஷன் வாரம் ஒரு கண்ணாடி வாங்கினால் யாருக்குத்தான் மூக்கில் வேர்க்காது? எனக்கு இரண்டாவது கண்ணாடியிலேயே வேர்த்துவிட்டது.

கல்யாணத்தை அண்ணிதான் முன்னால் நின்று நடத்தினாள், அவளுக்குப் பிறந்தபோது கிடைத்த அதே மூக்கோடு. அண்ணன்காரர் பேப்பர் இல்லாமல் வந்திருந்தார். அவருக்குப் பூனைக்கண் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வாத்தியார் வாழ்த்திப் பேச எழுந்தபோது ஒலிபெருக்கியைப் பிடுங்கிவிட்டோம். போட்டோக்காரர் மட்டும் மணமக்களைப் படாதபாடு படுத்தினார். “மாப்ளை, கொஞ்சம் தலையத் தாழ்த்துங்க... பொண்ணு, நேரா பாருங்க... இல்லங்க, இன்னும் நேரா...”

“இவ்வளவுதாங்க நேரா வரும்,” என்றார் மாஸ்டர். “எடுங்க.”

இப்போது இரண்டு பேரும் வேறு ஊரில் இருக்கிறார்கள். பாதிக் கடையில் அவர் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார், மீதிப் பாதியில் இவள் கண்ணாடி விற்கிறாள். ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மூக்கு யார் ஜாடை என்று வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அது அப்பா மூக்கும் இல்லை, அம்மா மூக்கும் இல்லை. தன்பாட்டுக்கு உருண்டையாக, பால் குடிக்கும்போது புசுபுசு என்று மூச்சுவிட்டுக்கொண்டு இருந்தது.